சத்தம் வருது, படம் வரலை

டிவியில் சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போனால், முதலில் காதில் விழுவது ‘பேனல் போயிடுச்சு’ என்பதுதான். எங்கள் வீட்டு 43 அங்குல டிவிக்கும் அதையேதான் சொன்னார்கள். கம்பெனி சர்வீஸிலிருந்து வந்தவர் பின்மூடியைக் கழற்றவே இல்லை. ரிமோட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, பேனல் மாற்றணும் என்று ஒரு தொகையைச் சொன்னார். அதோடு கொஞ்சம் சேர்த்தால் புது டிவியே வாங்கிவிடலாம்.

யாராவது இப்படிச் சொன்னால், காசை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகவாவது உருவம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. போனது அதற்குப் பின்னால் இருக்கும் விளக்கு, அதாவது பேக்லைட். எல்இடி டிவி என்று கடையில் விற்பது எல்சிடி திரைதான். அதற்குப் பின்னால் நின்று வெளிச்சம் கொடுப்பதுதான் எல்இடி. எங்கள் டிவியில் செய்தி வாசிப்பவரின் முகமும் கீழே ஓடும் எழுத்தும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. அன்றைக்கே பேனல் கதையை மூட்டை கட்டிவிட்டேன்.

டிவியைத் திறக்க எங்கள் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் தமிழக அரசின் இலவச கலர் டிவி காலத்தில் தொழில் கற்றவர். 2006 தேர்தல் வாக்குறுதியில் வந்த அந்த 14 அங்குலப் பெட்டிகள் இவரைப் போன்ற பலருக்கும் பல வருஷம் வேலை கொடுத்தன. பிக்சர் டியூப் காலத்துக் கை என்றாலும், கண்ணாடி பேனலைத் தூக்கும்போது மட்டும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். “சார், இதைத் தூக்கி வைக்கிற வரைக்கும் எதுவும் கேக்காதீங்க” என்றார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் அவர் பையன். பேக்லைட் வேலையில் ஆபத்தான கட்டம் இதுதான். பேனலின் ஓரத்தில் பிலிம் கேபிள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று கிழிந்தாலும், கண்ணாடி லேசாக வளைந்தாலும், நல்லாயிருந்த பேனல் நிஜமாகவே போய்விடும். வீடியோ பார்த்துத் தனி ஆளாக இதில் இறங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம்.

பேனலையும் அதன் பின்னால் இருந்த வெள்ளைத் தாள்களையும் எடுத்ததும் எல்இடி ஸ்ட்ரிப்புகள் தெரிந்தன. நீளமான பட்டை, அதில் வரிசையாக சின்னச் சின்ன பிளாஸ்டிக் லென்ஸ். மெக்கானிக் டெஸ்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு எல்இடியின் மேலும் வைத்துக்கொண்டே போனார். எரிந்தது, எரிந்தது, எரிந்தது, ஒன்று எரியவில்லை. லென்ஸை நெம்பி எடுத்தார். மஞ்சள் சதுரத்தின் நடுவில் கடுகளவு கறுப்பு. அவ்வளவுதான் கோளாறு. எல்லா எல்இடியும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தால் கரண்ட் நின்றுவிடும். சில டிவிகளில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைவதும் இதனால்தான்: லோடு சரியில்லை என்று தெரிந்ததும், எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் தானாக நிறுத்திக்கொள்கிறது.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மற்றவையும் அதே சூட்டில் அத்தனை நாள் வெந்தவைதானே, கொஞ்ச நாளில் அடுத்தது போகும், மறுபடியும் பேனலைத் தூக்கணும் என்றார். நியாயமாகப் பட்டது. செட்டாகவே மாற்றினோம். ஸ்ட்ரிப் வாங்கப் போகிறவர்கள் டிவி மாடல் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போகாதீர்கள். ஒரே மாடல் நம்பருக்குள் வேறு வேறு பேனல், வேறு வேறு ஸ்ட்ரிப் போட்டு வருகிறது. ஸ்ட்ரிப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும் நம்பர், எல்இடிகளின் எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பது மூன்றும் பொருந்தவேண்டும். பழைய ஸ்ட்ரிப்பையே கையில் எடுத்துப் போவது உத்தமம்.

புது ஸ்ட்ரிப் போட்டபின், டிரைவர் பகுதியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்து பேக்லைட் கரண்டைக் கொஞ்சம் குறைத்தார். கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக எல்இடியை அதன் எல்லைவரை ஓட்டும் செட்டுகள் உண்டு. அந்தச் சூடுதான் அதைத் தின்கிறது. வெளிச்சம் குறைந்தது எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. டிவி நன்றாக இருக்கும்போதே நீங்கள் இதை ரிமோட்டில் செய்யலாம். ‘விவிட்’ மோடிலிருந்து வெளியே வந்து, பேக்லைட் அளவைப் பாதிக்கு இறக்குங்கள். பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது வேறு. அது படத்தின் கறுப்பைத்தான் மாற்றும், விளக்கைத் தொடாது.

இனி பிராண்டு விஷயம். முன்னால் இருக்கும் பெயர் எனக்கு இப்போது பெரிதாகப் படுவதில்லை. கோடக், தாம்சன், பிளாபங்க்ட் என்ற பெயர்களில் இந்தியாவில் விற்கும் டிவிகளை உரிமம் வாங்கித் தயாரிப்பது நொய்டாவைச் சேர்ந்த ஒரே நிறுவனம். தோஷிபாவின் டிவி தொழில் 2018-லேயே சீனாவின் ஹைசென்ஸ் கைக்குப் போய்விட்டது. சாம்சங்கின் டிஸ்பிளே நிறுவனம் 2022-இல் எல்சிடி பேனல் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பிஓஇ, சிஎஸ்ஓடி போன்ற சில பெரிய ஆலைகளின் பேனல்தான் விலை கூடியதிலும் குறைந்ததிலும் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக எல்லாம் ஒன்று என்று சொல்லமாட்டேன். வித்தியாசம் இருக்கிறது, அது பின்மூடிக்குள் இருக்கிறது.

மெக்கானிக் கடையில் திறந்து கிடந்த செட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டவை சில. பவர் போர்டில் கரண்ட் நுழையும் இடத்தில் ஃபியூஸுக்கு அடுத்து நீல நிறத்தில் வட்டமாக ஒரு வேரிஸ்டர் இருக்கவேண்டும். நம் ஊரில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய லைனில் 400 வரை ஏறும். அப்போது அந்த வேரிஸ்டர் தான் ஷார்ட் ஆகி ஃபியூஸைப் போக்கி, மற்றதைக் காப்பாற்றும். மலிவு போர்டு சிலவற்றில் அதற்கான துளை மட்டும் இருக்கிறது, பார்ட் இல்லை. மிச்சம் பிடித்தது ஒரு டீ காசு. கெப்பாசிட்டரில் 85 டிகிரி போட்டிருக்கிறதா, 105 டிகிரியா என்பதும் அப்படித்தான். பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தலை உப்பியிருந்தால் அதன் கதை முடிந்தது. (பிளக்கைப் பிடுங்கியபின்னும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கலாம். பார்க்கலாம், தொடக்கூடாது.)

பவர் போர்டு, மெயின் போர்டு இரண்டையும் ஒன்றாக அடக்கிய காம்போ செட்டுகளில் ஒன்று போனாலும் மொத்தமும் மாற்றவேண்டும். திரையின் ஓரச் சட்டமே (பெசல்) தெரியாத மெல்லிய மாடல்களில் பேனலை டேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு அழகு, பேக்லைட் மாற்ற நேர்ந்தால் வில்லங்கம். ஸ்குரூவில் நிற்கும் கொஞ்சம் தடித்த டிவியைத்தான் நான் எடுப்பேன். புதுப் பெட்டியைக் கடையில் திறந்துபார்க்க முடியாதுதான். ஆனால் நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் போன வருஷத்துச் செட் எப்படி இருந்தது என்று பக்கத்து மெக்கானிக்கைக் கேட்கலாம். எந்தக் கம்பெனிக்கு போர்டு கிடைக்கும், எதற்குக் கிடைக்கவே கிடைக்காது என்பது விற்பனையாளரைவிட அவருக்குத்தான் தெரியும்.

சில செட்டுகளை விட்டுவிடவும் வேண்டும். பந்து பட்டு பேனல் கீறி, மை கொட்டியதுபோல் கறுப்பு பரவியிருந்தால் செலவு செய்யாதீர்கள். திரையில் கோடு விழுந்ததை, பிலிம் கேபிளை மெஷினில் மறுபடி ஒட்டி (பாண்டிங்) சரிசெய்து தருவார்கள். ஆனால் அது நிலைக்காமலும் போகலாம். வாரண்டி எத்தனை மாதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த மாதங்களுக்கு உரிய தொகையை மட்டும் கொடுங்கள். கடைசியாக ஒன்று: இடி இடிக்கும்போது பிளக்கோடு மொட்டைமாடியிலிருந்து வரும் டிஷ் ஒயரையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். அந்த வழியாக வரும் மின்னலின் தாக்கம் எச்டிஎம்ஐ போர்ட்டில் புகுந்து மெயின் போர்டை அடிக்கும். அதை ஸ்டெபிலைசர் தடுக்காது.