கூட்டினால் ஒன்பது: அம்பாசடர் இன்ஜினில் டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணுவது எப்படி?

ஐ.சி. இன்ஜின் வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி இது: "வால்வு கிளியரன்ஸ் எதுக்கு?" நாம எல்லாரும் சொல்ற பதில்: "சூட்டுல உலோகம் விரியும், அதுக்கு இடம் விடணும் சார்." மார்க் கிடைச்சிடும். ஆனா அந்தப் பதிலை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு இன்ஜினில் கை வைக்க முடியாது. எவ்வளவு இடம்? எந்த நேரத்தில் அளக்கணும்? அதிகமானா என்ன ஆகும், குறைஞ்சா என்ன ஆகும்? இதையெல்லாம் ஒரு நிஜ இன்ஜினை வச்சே பார்ப்போம்.

நான் எடுத்திருப்பது அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. கார் உற்பத்தி 2014-ல் நின்றாலும், படிக்க இதைவிட நல்ல இன்ஜின் கிடையாது. ராக்கர் கவரைக் கழற்றினால் எல்லாமே கண் முன்னாடி தெரியும்.

முதலில் பாதையைப் பார்ப்போம். கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். கேம் லோப் டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தூக்கும், புஷ் ராடு ராக்கர் ஆர்மின் ஒரு முனையை மேலே தள்ளும். சீசா பலகை மாதிரி மறுமுனை கீழே இறங்கி வால்வைத் திறக்கும். புஷ் ராடு பக்கம் ராக்கரில் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவும் ஒரு லாக் நட்டும் இருக்கும். நம்ம வேலை முழுக்க அந்த இரண்டில்தான்.

இப்போ இடைவெளி. 100 மி.மீ. எஃகுத் தண்டு 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் சுமார் 0.12 மி.மீ. நீளும். எக்ஸாஸ்ட் வால்வு அதைவிடப் பல மடங்கு சூடாகும். ஆனா வால்வு மட்டுமா விரியுது? ஹெட்டும் பிளாக்கும் சேர்ந்து விரியும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால அலுமினியம் ஹெட் உள்ள சில இன்ஜின்களில் சூடான பிறகு இடைவெளி குறையாமல் கூடும்! "விரிவுக்கு இடம்" என்ற வைவா பதில் பாதி பதில் என்று சொல்வது இதனால்தான். முழுப் பதில்: எந்த வெப்பநிலையிலும், எவ்வளவு தேய்ந்தாலும், வால்வு தன் சீட்டில் முழுசாக உட்காரணும். அதுக்குத்தான் கிளியரன்ஸ்.

ஏன் உட்காரணும்? கேஸ் கசியாமல் இருக்க மட்டுமில்லை. வால்வு தலையில் ஏறும் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கும் கூலன்ட்டுக்கும் போகுது. இடைவெளியே இல்லாமல் டைட்டாக இருந்தால், மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் வால்வு ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். சூடு வெளியேற வழி இல்லை. போதாததுக்கு எரியும் கேஸ் அந்த மயிரிழை வழியாகப் பாயும். கொஞ்ச நாளில் வால்வு விளிம்பு கருகி ஒரு துண்டு போயிடும். அப்புறம் ஹெட்டையே இறக்கணும்.

இடைவெளி அதிகமானால்? வால்வு தாமதமாகத் திறக்கும், சீக்கிரம் மூடும், முழு லிஃப்ட் கிடைக்காது. கேம் லோபின் தொடக்கத்தில் மெதுவாகத் தூக்குவதற்கென்றே ஒரு சரிவு வச்சிருப்பாங்க. அதைத் தாண்டி ராக்கர் வேகமாக மோதும்போது வருவதுதான் அந்த "டக் டக்" சத்தம். பவர் குறையும், தேய்மானம் கூடும். ஆனா உடனே வால்வு எரியாது.

இங்கேதான் பலர் ஏமாறுவாங்க. கேமும் ராக்கர் முனையும் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். வால்வும் சீட்டும் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், இன்ஜின் அமைதியாகும். "வண்டி இப்போ சத்தமே இல்லாம ஓடுது" என்று சந்தோஷப்படும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு உள்ளே வெந்துகொண்டிருக்கலாம். சத்தம் போடும் டேப்பட்டை நாம கவனிச்சிடுவோம். பயப்பட வேண்டியது பேசாத டேப்பட்டுக்கு.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானது: ரிங் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஃபில்லர் கேஜ். இந்த குடும்ப இன்ஜின்களில் பொதுவாகச் சொல்லும் அளவு 0.015 இன்ச், அதாவது சுமார் 0.38 மி.மீ. உங்க இன்ஜினின் மேனுவலில் என்ன அளவு, ஆறிய நிலையிலா சூட்டிலா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்க. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிடுங்க. கம்ப்ரஷன் இல்லாததால் கையால் சுத்துவது சுலபம். ராக்கர் கவரின் மேல் இருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி, கேஸ்கெட் கிழியாமல் கவரைத் தூக்குங்க.

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்க. 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். ஒரு வால்வை அளக்கும்போது அதன் டேப்பட் கேம் லோபின் வட்டமான முதுகில் நிற்கணும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டினால் ஒன்பது வரணும். 8-ம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் பண்ணுங்க. 6 திறந்தால் 3. 4 திறந்தால் 5. 7 திறந்தால் 2. 1 திறந்தால் 8. 3 திறந்தால் 6. 5 திறந்தால் 4. 2 திறந்தால் 7. இந்த வரிசையிலேயே போனால் கிராங்க்கை இரண்டே சுற்று சுத்தினால் எட்டும் முடியும்.

இது மந்திரம் இல்லை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. சிலிண்டர் 1-ம் 4-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. ஜோடிக்குள் கிராங்க் கணக்கில் 360 டிகிரி வித்தியாசம். கேம் பாதி வேகத்தில் சுத்துவதால் அங்கே 180 டிகிரி. ஒன்றின் எக்ஸாஸ்ட் லோப் உச்சியில் இருந்தால், ஜோடியின் எக்ஸாஸ்ட் லோப் நேர் எதிரே, முதுகில் இருக்கும். வால்வுகள் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால் ஜோடி எண்கள் 1+8, 2+7, 3+6, 4+5 என்று விழுது. வேறு வால்வு வரிசை உள்ள இன்ஜினில் இந்த ஒன்பது செல்லாது. ஜோடி லாஜிக்கைத்தான் பிடிச்சுக்கணும்.

அளக்கும் முறை: லாக் நட்டைத் தளர்த்தி, ராக்கர் முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவில் கேஜ் தகட்டை விடுங்க. ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் இடைவெளி குறையும். கனமான நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுவது போல லேசான பிடிப்போடு தகடு வரணும். அப்புறம் ஸ்க்ரூவை அசையாமல் பிடிச்சுக்கிட்டு லாக் நட்டை டைட் பண்ணுங்க. டைட் பண்ணியதும் மறுபடி ஒருமுறை அளங்க, ஏன்னா நட்டு இறுகும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் நகரும்.

இன்னொரு விஷயம்: ராக்கர் முனை குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு அந்தக் குழிக்குள் போகாது. கேஜ் 0.38 என்று சொல்லும், நிஜ இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். சரியாக செட் பண்ணியும் சத்தம் போகவில்லை என்றால், ஸ்க்ரூவை இன்னும் இறுக்காமல் முதலில் ராக்கர் முனையைப் பாருங்க. சத்தத்தைக் கொல்ல இறுக்கிக்கொண்டே போவதுதான் வால்வை எரிக்கும் வழி.

புது கார்கள் பலவற்றில் ஹைட்ராலிக் லாஷ் அட்ஜஸ்டர் ஆயில் அழுத்தத்தில் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனா பைக், டிராக்டர், டீசல் பம்ப்செட், ஜெனரேட்டர் என்று ஸ்க்ரூவும் லாக் நட்டும் இன்னும் நம்மைச் சுற்றி நிறைய இருக்கு. லேபில் இருக்கும் பழைய இன்ஜினில் அடுத்த முறை வால்வு டைமிங் எக்ஸ்பெரிமெண்ட் பண்ணும்போது, ரீடிங்கை ரெக்கார்டில் எழுதுறதுக்கு முன்னாடி கிளியரன்ஸ் அளந்து பாருங்க. அது தப்பாக இருந்தால், நீங்க வரையும் டைமிங் டயகிராமும் தப்புதான்.