சேர்வராயன் மலையும் தன்னிறைவு வாழ்வும்

நுழையும்முன்

இயற்கைச் சீற்றம் ஓர் ஊரை வெளியுலகிலிருந்து துண்டித்துவிட்டால், அவ்வூர் மக்கள் எத்தனை நாள்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலும்? அங்கு நீர் உண்டா? உணவு உண்டா? மாற்றுவழி உண்டா? ஒருவருக்கொருவர் துணை உண்டா? இவ்வினாக்களைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையை மதிப்பிடுகிறது இப்பாடம்.

பழந்தமிழர் கண்ட தன்னிறைவு

பாரியின் பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். அம்மலையை எளிதில் வெல்ல இயலாது என்பதற்குக் கபிலர் கூறிய காரணத்தைப் புறநானூற்றின் 109ஆம் பாடல் பதிவு செய்துள்ளது. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழவரின் உழைப்பின்றியே அங்கு விளைந்தன. நீர் நிறைந்த சுனைகளும் இருந்தன. வாயில் அடைபட்டாலும் பறம்பு பட்டினி கிடக்கவில்லை.

நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அமைந்ததே அரண் என்பது வள்ளுவர் கருத்து. உள்ளிருப்போருக்கு வேண்டிய உணவைக் கொண்டிருப்பதும், அவர்கள் நிலைத்து வாழ எளிதாக இருப்பதும் அரணின் இயல்புகள் என்றும் அவர் வரையறுத்தார். அன்று மலையை முற்றுகையிட்டவை படைகள். இன்று முற்றுகையிடுபவை புயலும் பெருமழையும் மண்சரிவும். முற்றுகையிடுவோர் மாறினும் வள்ளுவரின் அளவுகோல் மாறவில்லை.

மலையும் நீரும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி சேர்வராயன் மலை. ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இம்மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். சேர்வராயன் கோயில் அமைந்த உச்சி 1,623 மீட்டர் உயரமுடையது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இம்மலைக்குப் பயன் தருகின்றன. திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் இங்குத் தோன்றிக் காவிரியில் கலக்கின்றன. ஆயினும், பெய்யும் மழையின் அளவு வேறு. நிற்கும் நீரின் அளவு வேறு. சரிவில் விழும் மழைநீர் விரைந்து கீழிறங்கிவிடுகிறது. அடியில் இருப்பதோ கடினப் பாறை. எனவே, மழைக்காலத்தில் ஆர்ப்பரிக்கும் கிளியூர் அருவி கோடையில் மெலிந்துவிடுகிறது. காட்டு மரங்களும் தரையில் படிந்த இலைச்சருகுமே மழைநீரைத் தடுத்து, மண்ணுக்குள் அனுப்பி, ஊற்றுகளை வாழவைக்கின்றன. ஆகவே, காடு குறைந்தால் முதலில் குறைவது நீரே.

தானியம் தந்த இடத்தில் காப்பி

சேர்வராயன் மலையின் தொல்குடிகள் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் மலையாள மொழிக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்ததாக இவர்களது வாய்மொழி வரலாறு கூறுகிறது.

சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் இவர்களது மரபு உணவாக விளங்கின. இவை குறைந்த நீரில், சரிவு நிலத்திலும் விளைபவை. நன்கு உலர்த்திய கேழ்வரகைக் குதிரில் இட்டுவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். குதிர், பஞ்சத்தை எதிர்நோக்கிய ஒரு சமூகத்தின் சேமிப்பு வங்கி.

சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டில் காப்பிப் பயிரை இங்கு அறிமுகப்படுத்தினார். காலப்போக்கில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலையின் அடையாளங்களாயின. இவை வருவாயும் வேலைவாய்ப்பும் தந்தன. நிழல்மரங்களின்கீழ் காப்பி பயிரிடப்படுவதால் மண்ணுக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால், காப்பிக்கொட்டையை உண்டு பசியாற இயலாது. அன்றாட உணவான அரிசியின் பெரும்பகுதி சமவெளியிலிருந்தே மலையேறுகிறது. பணப்பயிர் மலைக்குச் செல்வம் சேர்த்தது. அதே வேளையில் அதன் அடுப்பைச் சாலையோடு பிணைத்தது.

சாலை அறுந்த நாள்

அப்பிணைப்பின் விளைவை 2024ஆம் ஆண்டு உணர்த்தியது. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னரும் உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏற்காட்டிலும் கனமழை பெய்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டது, போக்குவரத்து தடைப்பட்டது.

பாறையின்மேல் படிந்த மண் நீரை உறிஞ்சும்போது அதன் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. சாலைக்காகச் சரிவின் அடிப்பகுதி வெட்டப்பட்ட இடங்களில் அம்மண் எளிதில் நழுவுகிறது. வடிகால் அடைபட்டால் இடர் மேலும் பெருகுகிறது. அதே 2024ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை நிலச்சரிவு அழித்தது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். மலைகள் தரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதுவே சான்று.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அமைவதற்கு இச்சட்டம் வழிவகுத்தது. இடர்க்காலத்தில் மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.

மதிப்பீடு

தன்னிறைவு வாழ்வுக்குச் சேர்வராயன் மலை தகுதியுடையதா? மழையும் காடும் வளமான மண்ணும் அதற்குச் சாதகமானவை. கோடைக்கால நீர்க்குறைவு, வெளியிலிருந்து வரும் உணவு, சரிவை வெட்டி அமைந்த சாலை ஆகியன பாதகமானவை. இவற்றுள் பாதகமான மூன்றும் மனிதரின் திட்டமிடலால் குறைக்கத்தக்கவை. மழைநீரைத் தேக்குதல், வீட்டுத்தோட்டமும் சிறுதானியமும் வளர்த்தல், மழைக்காலத்திற்கு முன்பே மலைச் சிற்றூர்களில் உணவும் மருந்தும் இருப்பு வைத்தல், வடிகால்களைத் தூர்வாருதல் ஆகியன அத்தகைய பணிகள்.

தன்னிறைவு என்பது தனித்து ஒதுங்குதல் அன்று. மலைக்குச் சமவெளியின் நெல்லும் மருத்துவமும் வேண்டும். சமவெளிக்கு மலையின் ஆறுகள் வேண்டும். உதவி வந்து சேரும்வரை தளராமல் நிற்கும் வலிமையே தன்னிறைவு. எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவில் வீடு கட்டலாகாது, எந்தக் கிழங்கு உண்ணத்தக்கது என்பன மலைவாழ் முதியோரின் நினைவில் உள்ளன. அவ்வறிவை இளையோர் கேட்டறியாவிடில், பெருமழை இன்றியே அம்மலை ஓர் இழப்பைச் சந்தித்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு வரும் சாலைகள் அனைத்தும் ஒரு வாரம் தடைப்பட்டால் நீர், உணவு, மருந்து ஆகியவற்றை எவ்வாறு பெறுவீர்கள்? குழுவாகக் கலந்துரையாடி அறிக்கை உருவாக்குக.

2. உங்கள் ஊர் முதியோரிடம் கடந்தகால வெள்ளம், புயல், பஞ்சம் பற்றிக் கேட்டறிந்து, அவர்கள் கையாண்ட காப்பு முறைகளைத் தொகுத்து எழுதுக.

3. ‘பணப்பயிர் செல்வத்தைத் தரும், உணவுப்பயிர் பாதுகாப்பைத் தரும்’ – இக்கருத்தின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.