தையல் அறையின் நிலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் வீடு கட்டுவோர் தையல் வேலைக்கென ஓர் அறையைத் தனியாக ஒதுக்குவது இக்காலத்தில் அபூர்வமன்று. மகள் தையற் பயிற்சி முடித்து வந்திருப்பாள், அல்லது கனடாவிலிருக்கும் தமையன் மின்சாரத்தில் ஓடும் இயந்திரமொன்றுக்குக் காசு அனுப்பியிருப்பான். அதை யன்னலோரம் வைத்து அயலட்டத்துக்குத் தைத்துக் கொடுத்தால் கைச்செலவுக்காவது ஆகுமென்ற உத்தேசத்தில் அறையும் எழும்பிவிடும். யன்னல் எத்திசையில், விளக்கு எவ்விடத்தில், அலுமாரி எந்தச் சுவரோரம் என்பனவற்றையெல்லாம் விஸ்தாரமாக ஆலோசிக்கும் குடும்பத்தார், நிலத்துக்கு என்ன போடுவதென்ற கேள்வி வந்ததும், "மண்டபத்துக்குப் போடுற மாபிளையே அதுக்கும் போடுங்கோ" என்று மேசனிடம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். பருத்தித்துறையில் முதலிற் கால்மிதி இயந்திரத்திலும் பின்னர் மின் இயந்திரத்திலுமாகத் தைத்தே காலங்கழித்தவள் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்தைச் சற்றே தாமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேல்நாட்டுத் தையற்காரர் இடுப்பளவு உயர்ந்த மேசையிலே துணியை விரித்து, நின்றபடி வெட்டுகிறார்கள். அவர்களுக்கு நிலம் நிற்பதற்கு மாத்திரமே. நமது வீடுகளிலோ பாயைப் போட்டு, பாயின்மேல் துணியை விரித்து, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி உட்கார்ந்து வெட்டுவதுதான் வழக்கம். ஐந்து யார் துணியைச் சுருக்கம் விழாமல் ஒரே வீச்சில் விரிக்கக்கூடிய மேசையை ஓடாவியிடம் செய்வித்தாலும் அதை வைப்பதற்கு அறை போதாது. ஆகையால் இங்கே நிலமே வெட்டுமேசை. நிலத்தைத் தெரிவு செய்யும்போது துணி கிடக்கும் சௌகரியத்தை முதலாவதாகவும், கால் நடக்கும் சௌகரியத்தை இரண்டாவதாகவும் கொள்ள வேண்டுமென்பதே என் திடமான அபிப்பிராயம்.

அத்துணி எந்த மாதத்தில் கிடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மேசன்மார் பெரும்பாலும் பங்குனி, சித்திரை வெயிலில் நிலம் போடுகிறார்கள். வீட்டுக்காரரும் அப்போதுதான் பார்த்து, உலர்ந்து மினுங்குகிறதென்று திருப்தியடைகிறார்கள். நமக்கு வேலை குவிவதோ ஆண்டிறுதியில். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியை ஏந்திக்கொண்டு, புதிய வகுப்புத் தொடங்குமுன் வேண்டுமென்று தாய்மார் வரிசையாக வந்து நிற்பார்கள். நத்தார்ச் சட்டையும் பொங்கல் உடுப்பும் கூடவே வந்து சேரும். குடாநாட்டு மழையின் பெரும்பங்கு பெய்து தீர்வதும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மாரியில்தான். உலகத்திலேயே எளிதில் அழுக்காகக்கூடிய துணி, ஆண்டிலேயே ஈரம் மிகுந்த மாதத்தில், நிலத்தின்மேற் கிடக்கிறது. மார்கழி மழையில் இந்த நிலம் எப்படியிருக்கும் என்று கேட்டுத் தெரிவு செய்கிறவர் பிற்பாடு அவதிப்படமாட்டார்.

ஈரத்தின் வழி மேலிருந்து மாத்திரமன்று, கீழிருந்தும் உண்டு. நமது காலடியில் இருப்பது சுண்ணக்கல். அதன்மேல் மண் கனமில்லை. கடற்கரையோரத்தில் மணலும் முருகைக்கல்லும் கலந்து கிடக்கின்றன. கிணற்று நீர்மட்டம் மாரியில் உயர்ந்துவிடுகிறது. அத்திவாரத்துக்குமேல் ஈரத்தடுப்பு வைக்காத பழைய வீடுகளில் சுவரடியிலும் நிலத்திலும் உப்புப் பூத்து வெண்பொடியாக உதிர்வதை எல்லோரும் பார்த்திருப்போம். கழுவாத கடற்கரை மணலைச் சாந்தில் கலந்திருந்தால் இந்த உபத்திரவம் இரட்டிப்பாகும். நிலத்தில் ஈரம் ஊறுகிறதா என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது: இரண்டு முழச் சதுரமான தடித்த பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, மறுநாள் வரையில் அப்படியே விட்டு எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நீர்முத்துக்கள் கோத்திருந்தால், அல்லது அவ்விடத்துச் சீமெந்து கறுத்திருந்தால், அந்த நிலத்தில் எதையும் ஒட்டுவதற்குமுன் ஈரத்தைத் தடுக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கொங்கிறீற்றுக்கு அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பைப் போடச் சொல்லிவிட்டால் இந்தச் சிரமமே இல்லை, செலவும் அற்பம்.

பழைய வீட்டுக்காரர்களுக்குச் சிவப்புச் சீமெந்து நிலம் வாய்த்திருக்கும். 1950 ஆம் ஆண்டளவில் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின் இப்பகுதியில் எழுந்த வீடுகள் பலவற்றிலும், சாணி மெழுகிய நிலம் போய், காவிப் பொடி கலந்து மட்டப்பலகையாலும் சாந்தகப்பையாலும் இழுத்து இழுத்து வழவழப்பாக்கிய இந்த நிலம் வந்தது. தையலுக்கு இதைவிடச் சிறந்த நிலத்தை நான் கண்டதில்லை. மூட்டோ இடுக்கோ இல்லாத ஒரே பரப்பு. விழுந்த குண்டூசி சிவப்பின்மேல் வெள்ளிபோல் மின்னும். சோளகக் காற்று வீசும் கோடையிலும் உட்கார்ந்தால் குளிர்ச்சி. எங்கள் ஊர்த் தெருமூடி மடத்துக் கல் திண்ணையில் வெயிலுக்கு ஒதுங்கியவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியின் அருமை தெரியும்.

அதற்குள்ள ஒரே பகை, நம்மவர் அதற்குப் பூசும் சிவப்புப் பொலிஷ். விசேஷ நாட்களுக்கு முன் மெழுகுப் பொலிஷைத் தடவி, பாதியாக வெட்டிய பொச்சுமட்டையைக் காலால் மிதித்துத் தேய்த்து, முகம் தெரியுமளவுக்கு மினுக்குவது மண்டபத்துக்கு அழகுதான். தையல் அறைக்கு அது ஆகாது. பாயின் ஓரத்தைத் தாண்டி வெள்ளைத் துணியின் ஒரு முனை நிலத்திற் பட்டால் போதும், வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கீற்று ஏறிவிடும். மழைக்கால ஈரத்தில் அது இன்னும் சீக்கிரமாக ஏறும். முதற் சலவையில் போகவும் போகாது. ஆகவே இப்படியான அறையைத் தையலுக்கு எடுக்கும்போது, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய மெழுகைத் துடைத்தெடுத்து, சவர்க்கார நீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். அவ்வேலையைக் கதவு யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டும், விளக்கோ நெருப்போ அண்டாமலும் செய்ய வேண்டுமென்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னர் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துண்டொன்றை அறையின் நாலு மூலையிலும், கால்கள் அதிகம் படாத கதவு மறைவிலும் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துண்டில் சிவப்பு ஏறுவது நின்றால்தான் வெள்ளைத் துணியை அங்கே விரிக்கலாம். அதற்குப்பின் வெறும் தண்ணீர் போதும். பல வருஷம் துடைத்துத் துடைத்து வரும் மங்கலான பளபளப்பு பொலிஷின் பளபளப்பைவிடக் கண்ணுக்கு இதமானது. புதிதாகச் சிவப்புச் சீமெந்து போட விரும்புவோர், காவிப் பொடியானது சீமெந்தின் எடையிற் பத்திலொரு பங்கைத் தாண்டாமலும், ஒரு கிழமைக்கு ஈரச்சாக்குக் காயாமலும் பார்த்துக்கொண்டால் நிலம் உறுதியாயிருக்கும். நிறம் கூடட்டுமென்று பொடியை அள்ளிக் கொட்டினால் மேற்பரப்புப் பலமிழந்து, பொடி உதிர்ந்து துணியில்தான் வந்து சேரும். வேலை தெரிந்த மேசன்மார் இப்போது அருகிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

மேசனுடன் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம் இன்னொன்றுண்டு, அது வாட்டம். எங்கள் வீட்டுக்கு நிலம் போட்டவர், "அக்கா, கழுவி ஊத்தினாத் தண்ணி வாசலுக்கு ஓடவேணுமெல்லே, ஒரு சின்ன வாட்டம் விடுறன்" என்றார். "வேண்டாம் தம்பி, அந்த அறை மட்டமாயிருக்கட்டும், நான் துடைச்சுக் கொள்ளுறன்" என்று நான் சொன்னதை அவர் அரைமனதோடுதான் ஏற்றுக்கொண்டார். வாட்டமுள்ள நிலத்திற் சக்கரம் பூட்டிய கால்மிதி இயந்திரம் தைக்கத் தைக்க வாசற்பக்கம் ஊர்ந்து போகும். நாலு காலில் ஒன்று நிலத்திற் படாமலிருந்தால் நடுக்கத்தில் தையல் கோணும். மட்டத்தை அறிய, பிள்ளைகள் விளையாடும் போளையொன்றை அறையின் நடுவிலும் இயந்திரம் வைக்கும் இடத்திலும் விட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கால்மிதி பழங்கதையாயிற்றே என்று இளையவர்கள் சிரிக்கக்கூடும். 1990 இலிருந்து வருஷக்கணக்காக இக்குடாநாட்டில் மின்சாரமில்லாதிருந்த காலத்தில் ஊருக்கு உடுப்புத் தைத்தது அந்த இயந்திரமே. அந்த யுத்த காலத்தில் வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களில் சீமெந்தும் அடக்கமாதலால், பெயர்ந்த நிலத்தைப் பூசுவதற்கு வழியின்றி, மட்டைத் துண்டுகளைக் காலுக்கு அண்டக் கொடுத்துத் தைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் மட்டத்தின் மகத்துவத்தைச் சொல்வார்கள்.

இனி, இன்றைக்குப் பெரும்பாலானோர் தெரிவு செய்யும் மாபிள், அதாவது பீங்கான் தட்டுகள். இவற்றை நான் நிந்திக்கவில்லை. ஈரம் ஏறாது, கறை பிடியாது, எண்ணெய்ச் சொட்டுத் துடைத்தால் போய்விடும். கடற்காற்றில் இயந்திரம் துருப்பிடிக்காதிருக்க நாம் மற்ற ஊராரைவிட அடிக்கடி எண்ணெய் விடவேண்டியிருப்பதால், இது சிறிய லாபமன்று. (தேநீர் வேளையிற் பருத்தித்துறை வடையை அந்த அறைக்குள் கொண்டுவரக்கூடாதென்பது, நிலம் எதுவானாலும், என் வீட்டுச் சட்டம்.) பளபளக்கும் வகையை மாத்திரம் விலக்குங்கள், விளக்கொளி அதிற் பட்டுத் தெறித்து மாலைத் தையலிற் கண் கூசும், நூல் வெட்டும் வழுக்கும் பட்டுத் துணியும் சிதறிக் கிடக்கையிற் காலும் வழுக்கும். மங்கலான மேற்பரப்புள்ளதாக, ஒரே நிறமுடையதாக எடுக்க வேண்டும். புள்ளி புள்ளியாகக் கருங்கல்லைப் போலிருக்கும் மாபிளை அழுக்குத் தெரியாதென்று சொல்லி விற்பார்கள். அழுக்குத் தெரியாத நிலத்தில் ஊசியும் தெரியாது. கடையிலிருந்து மாதிரித் துண்டைக் கொண்டுவந்து, குண்டூசிகளை அதன்மேற் போட்டு, அந்தி வெளிச்சத்தில் நின்றபடி பார்த்துத் தெரிந்தால் வாங்கலாம். தெரியாமற்போன ஊசி மாரி ஈரத்தில் ஓரிரு நாளில் துருவேறி, மறுநாள் விரித்த துணியில் அதன் அச்சைப் பதித்துவிடும்; வெறுங்காலுடன் ஓடிவரும் பேரப்பிள்ளையின் உள்ளங்காலைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். பழைய ஒலிபெருக்கியிற் கழற்றிய காந்தத்தைத் துணியிற் சுற்றி ஒரு தடியிற் கட்டி, வேலை முடிந்ததும் நிலத்தைத் தடவி எடுப்பது நல்ல பழக்கம். பித்தளை ஊசி காந்தத்தில் ஒட்டாதாகையால், ஊசி வாங்கும்போதே அதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மாபிளில் எதிர்பாராத உபயோகமும் ஒன்றுண்டு. இரண்டடிச் சதுர மாபிள்களின் மூட்டுக்கோடுகள் நேராகவும் செங்கோணமாகவும் பதிக்கப்பட்டிருந்தால், பாயில்லாமல் நிலத்திலேயே துணியை விரித்து அதன் கரையைக் கோட்டோடு ஒட்டவைத்து நேர் பார்க்கலாம். பெரிய திரைச்சீலை வெட்டும்போது இந்த உதவியின் அருமை தெரியும். ஆனால் அளவுநாடாவுக்குப் பதிலாக மாபிளையே அளவாகக் கொள்ளலாகாது. மூட்டுகளை ஒடுக்கமாகவும், சாந்து மேலெழும்பாமல் மாபிளோடு மட்டமாகவும் நிரப்பச் சொல்ல வேண்டும். குழிந்த மூட்டில் ஊசி ஒளிந்துகொள்ளும். மின் இயந்திரத்தின் மிதி மாபிளில் வழுக்கி முன்னே ஓடுவதைத் தடுக்க, அதனடியில் றப்பர்த் துண்டொன்று போதும்.

மற்றவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. உருளையாகச் சுற்றி விற்கும் பிளாஸ்டிக் விரிப்பு மலிவானது, காலுக்கு மெத்தென்றிருக்கும். ஆனால் ஈரநிலத்தில் அதன் அடியிற் பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும், சூடான அயன் பெட்டி தவறி விழுந்தால் உருகிப்போகும், அதன்மேற் போட்ட றப்பர் நாளடைவில் மஞ்சட்கறை விடும். வாடகை வீட்டுக்காரருக்கு அது ஏற்கத்தக்கது, மற்றவருக்கன்று. பலகைபோலத் தோற்றும் ஒட்டுப்பலகை நிலத்தை, கனடாவின் ஸ்காபரோவிலுள்ள உறவினர் படம்பிடித்து அனுப்பியதைக் கண்டு ஆசைப்படுவோர் உளர். ஆனால் இங்கே கறையானும் உண்டு, உவரும் உண்டு. 2004 டிசம்பரிற் கடல் பெருகி வந்ததையும், 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை வெள்ளத்தையும் கண்டவர்கள், தண்ணீர் வந்துபோனபின் கழுவித் துடைத்து மறுகிழமையே உட்கார்ந்து தைக்கக்கூடிய நிலம் எதுவென்பதை அறிவார்கள். சீமெந்தும் மாபிளும் தப்பின, அழுத்திய மரத்தூளால் ஆனவை ஊதிப் பிளந்தன. கம்பளி விரிப்பையோ பேச்சிலும் எடுக்க வேண்டாம். அதற்குள் விழுந்த ஊசியைக் கண்டுபிடிப்பது கால்தான்.

முழங்கால் நோவினால் நிலத்தில் உட்கார முடியாதவர்கள் மேசையில் நின்று வெட்டத் தொடங்கும்போது, நிற்கும் இடத்தில் மட்டும் கனத்த றப்பர் விரிப்பொன்றைப் போட்டுக்கொண்டால் குதிக்கால் நோகாது. அதற்காக அறை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மாபிள் போடுகிறவர்கள் கணக்குக்கு மேலாக ஒரு பெட்டியைச் சேர்த்து வாங்கிப் பரணில் வைக்க வேண்டும். பத்தங்குலக் கத்தரிக்கோல் மேசையிலிருந்து முனை கீழாக விழுந்தால் மாபிளின் ஓரம் தெறிக்கும். அப்போது கடைக்குப் போனால், அதே பெயரில் அதே இலக்கத்தில் வேறு தொகுதி மாபிள் வந்திருக்கும், நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும்.