ஓதற் பிரிவும் மீட்சியும்

தீவகத்தார்க்குக் கடல் கடத்தல் புதிய செயலன்று. பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் சந்தைக்கும் தோணியேறிப் பழகியவர் நம் முன்னோர். ஊர்காவற்றுறையினின்று பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்குச் சென்ற காலம் ஒன்று. ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த காலம் மற்றொன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாகத் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் பின்னர் வேற்று நாடுகளிற் குடியேறினர். இன்று நம் பழைய மாணவரை இலண்டனிலும் பாரிசிலும் தொரன்றோவிலும் காணலாம். “எப்படியேனும் பிள்ளை படித்து வெளிநாடு போய்விட வேண்டும்” என்று பெற்றோர் கூறுவதை ஆசிரியராகிய யாம் அடிக்கடி கேட்கின்றோம். ஆதலின், கற்றற்பொருட்டுப் பிறநாடு செல்வோன் எத்தகைய மனத்தோடு செல்லல் வேண்டும், அவன் கற்றது ஊருக்கு மீளுமாறு எங்ஙனம் என ஆராய்தல் இவ்விழா மலருக்குப் பொருத்தமாகும்.

இலக்கண நூலார் கருத்து

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் தலைவன் பிரிதற்குரிய காரணங்களைக் கூறுமிடத்து, பகை, தூது என்பவற்றோடு ஓதலையும் ஒருங்கு வைத்தார். நாட்டைக் காக்கும் போருக்கும் வேந்தர் பகை தணிக்கும் தூதுக்கும் நிகரான செயலாகக் கல்வி அங்கே மதிக்கப்பட்டது. கற்பியலிலே, கல்வி கருதிய பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்றும் வரையறுத்தார். மூன்றாண்டு என்னும் எல்லை இக்காலப் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பொருந்துமா என்று மாணவர் வினவுதல் இயல்பே. ஈண்டு நாம் கொள்ளவேண்டியது எண்ணையன்று, கருத்தையே. காலவெல்லை கூறியதனால், போனவன் மீளுவான் என்பது உட்கிடையாயிற்று. அவன் வரவை நோக்கி ஒரு மனையும் ஓர் ஊரும் காத்திருக்கின்றன.

மீட்சி என்பது உடம்பு திரும்புதல் மாத்திரமா? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது தீவகத்துப் பெருமகனார் ஒருவரின் வாழ்க்கை. அவர் தவத்திரு தனிநாயக அடிகளார். சேவியர் என்னும் இயற்பெயருடைய அவர், 1913ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆம் நாள் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னிற் பிறந்தார். கத்தோலிக்கத் துறவியாயினும், தமிழ் கற்பார் அனைவர்க்கும் சமயபேதமின்றி உரியவராய் விளங்கினார்.

கற்றல்

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின் கொழும்பிலும் பயின்ற அடிகளார், 1934இல் உரோமாபுரி சென்று 1939 வரை அங்கே இறையியல் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, செருமானியம், இசுப்பானியம், போர்த்துக்கேயம் முதலிய மொழிகளில் அவர் பெற்ற பயிற்சி, பின்னாளில் தமிழுக்கே பெருந்துணையாயிற்று.

உரோமாபுரிப் பட்டத்தோடு வந்தவர் 1940இல் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். ஆங்கிலவழிக் கல்வியில் வளர்ந்தவராதலின், பழந்தமிழ் நூல்களை முறையாகக் கற்றல் வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு அங்கே மிகுந்தது. பகலிற் பிறருக்கு ஆசிரியராயிருந்தவர், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராயிருந்து இலக்கண இலக்கியம் பயின்றார். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் பிராமணப் பண்டிதரை ஆசானாகக் கொண்டமை, தமிழ்க் கல்விக்கு வேலியில்லை என்பதற்குத் தக்க சான்று. பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகஞ் சேர்ந்து முதுமாணிப் பட்டமும், பழந்தமிழ்ச் செய்யுளில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்கு இலக்கிய முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

இதில் மாணவர் உணரவேண்டியது ஒன்றுண்டு. மேனாட்டுக் கல்வி அவரைத் தாய்மொழியினின்றும் விலக்கவில்லை. தமக்கு இல்லாதது யாது என்பதை அறியும் கண்ணை அவருக்குத் தந்தது.

கற்பித்தல்

அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுக என்பது ஆசிரியர் கலாசாலையிற் கற்பிக்கும் முதல் விதிகளுள் ஒன்று. அடிகளார் உலகையே வகுப்பறையாகக் கொண்டு இவ்விதியைக் கையாண்டார். கிரேக்க, இலத்தீன் புலவர் பாடல்களை அறிந்த மேனாட்டார்க்கு, அவற்றோடு ஒப்பிட்டே ஐந்திணை நெறியை விளக்கினார். பிறர் மொழியும் இலக்கியமும் அறியாதவர்க்கு இம்முறை கைகூடாது.

1949 முதல் யப்பான், வட அமெரிக்கா, தென்னமெரிக்கா முதலிய இடங்களிற் பயணஞ்செய்து சொற்பொழிவாற்றினார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராய் அமர்ந்தார். பழந்தமிழ் இலக்கியத்தில் வெளிப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் மற்றுமொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயற்றுறைப் பேராசிரியராய் விளங்கினார்.

போர்த்துக்கேய மொழியறிவு தந்த பயனை ஈண்டுக் குறித்தல் தகும். ஐரோப்பிய நூலகங்களில் தமிழறிஞர் கண்ணுக்கு எட்டாது கிடந்த பழைய நூல்களை அடிகளார் தேடிக் கண்டு உலகறியச் செய்தார். 1554இல் இலிசுபனில் உரோம எழுத்தால் தமிழை அச்சிட்ட சிறுநூல் அவற்றுள் ஒன்று. மற்றொன்று, அந்தம் தெ புரோயென்சா அடிகள் தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கேய அகராதி. வத்திக்கான் நூலகத்திலிருந்த அவ்வகராதியின் நிழற்படப் பதிப்பை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். வேற்றுமொழியை உத்தியோகத்துக்கு மட்டும் கற்றவர் கைக்கு இத்தகைய செல்வம் அகப்படுமா?

தொண்டு

விரிவுரை நிகழ்த்துவதோடு அடிகளார் நிறைவுறவில்லை. 1964 சனவரியிற் புதுதில்லியிற் கீழைத்தேய ஆராய்ச்சியாளர் மாநாடு கூடியபோது, அங்கே வந்திருந்த தமிழறிஞரையும் தமிழ் கற்ற பிறநாட்டறிஞரையும் ஒன்றுகூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவுதற்கு முன்னின்றார். பிரெஞ்சுப் பேராசிரியர் பிலியோசா தலைவராக, அடிகளாரும் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். முதல் மாநாடு 1966 ஏப்பிரலிற் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. அடுத்தவை 1968இற் சென்னையிலும், 1970இற் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தேறின. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளில் நேர்ந்த உயிரிழப்பு இன்றும் ஆறாத வடுவாகும்.

கரம்பொன்னினின்று சென்றவரின் கல்வி உலகைச் சுற்றி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இதனையே மீட்சி என்கின்றோம்.

வந்தோர் கற்பிக்கும் பாடம்

பிறநாட்டினின்று நம்மிடம் வந்தாருள்ளும் ஒருவரை நினைத்தல் நன்று. அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியஞ் செய்ததோடு, தமிழைக் கற்று, உடற்கூற்று நூலையும் பிற மருத்துவ நூல்களையும் தமிழாக்கி, நம் இளைஞருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவங் கற்பித்தார். அவர் வந்த மிசன் நோக்கம் சைவர்க்கு உடன்பாடன்று. ஆயினும், 1873இல் அவர் தாயகஞ் சென்றபின்னும் தமிழ் நூல்களும் பயின்ற வைத்தியரும் இங்கே எஞ்சினர். தொண்டு செய்வான் போனபின் எஞ்சுவதே தொண்டின் அளவுகோல்.

நமக்குரியது

இந்நாளில் விடுமுறைக்கு வரும் பழைய மாணவரும் அவர்தம் பிள்ளைகளும் தீவகப் பள்ளிகளிற் சிலநாள் கற்பிக்க விரும்புகின்றனர், பொருள்களும் வழங்குகின்றனர். அவ்வன்பை வணங்குகின்றோம். எனினும், குறிகட்டுவான் துறையில் வள்ளமேறுமுன் ஒரு வினாவைத் தம்முள் எழுப்புவாராக: “யாம் கொடுக்க விரும்புவது யாது?” என்பதன்று, “அங்கே இல்லாதது யாது?” என்பது. நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும் நாளில் வெளியூர் ஆசிரியர் வரவு தடைப்படும். அந்நாளிலும் மாணவன் தானே எடுத்துப் பயிலத்தக்க நூலோ பயிற்சித்தாளோ செய்கருவியோ விட்டுச் செல்வாராயின், அதுவே நிலைபெறும் உதவி. முதலில் அங்குள்ள ஆசிரியரைக் கேட்டறிதல் வேண்டும். அவரே அப்பிள்ளைகளை நாடோறும் காண்பவர்.

வெளிநாடு செல்லும் மாணவனுக்குக் கூறுவதும் இதுவே. செல்லும் நாட்டின் மொழியை ஆழக் கற்பாயாக; தமிழை அதனோடு உடன்கொண்டு செல்வாயாக. அங்கே நீ கற்ற கலையில் ஒரு கட்டுரையேனும் எளிய தமிழில் எழுதி நம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவாயாக. உன்னால் வரவியலாத ஆண்டிலும் உன் கல்வி வந்து சேரும். அடிகளார் 1980 செத்தெம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அவர் நூல்கள் இன்றும் நம் மாணவர் கையில் உள்ளன.

மாணவர் சிந்தனைக்கு

1. ஓதலைப் பகை, தூது என்பவற்றோடு ஒருங்கு வைத்தமையால் தொல்காப்பியர் உணர்த்துவது யாது?

2. வேற்றுமொழியறிவு தாய்மொழிக்குத் துணையாகும் என்பதை அடிகளார் வாழ்விலிருந்து காட்டுக.

3. உமது ஊர்ப் பள்ளியில் வள்ளம் வராத நாளிலும் பயன்படத்தக்க உதவி எது? ஆசிரியரைக் கேட்டறிந்து எழுதுக.