விற்பதற்கு முன் ஒரு வார்த்தை



தென்காசி, குற்றாலம் பகுதிகளில் துக்கவீடுகளுக்கு ஆறுதல் சொல்லச் செல்லும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "ஐயா, அப்பா பேரில் இருக்கிற வயலை விற்றுக் கடனை அடைத்துவிடலாமா?" இதற்குச் சட்டம் சொல்லும் பதிலைச் சுருக்கமாகக் கற்றுக்கொள்வோம்.

உயிலில் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டவர் எக்ஸிகியூட்டர். அப்படி ஒருவர் இல்லாதபோது நீதிமன்றம் நியமிப்பவர் நிர்வாகி. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு இருவருக்கும் சொத்தை விற்கும் அதிகாரம் தருகிறது. ஆனால் மரித்தவர் இந்து, இஸ்லாமியர், பௌத்தர், சீக்கியர் அல்லது சமணர் என்றால், நிர்வாகி நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி வீடு நிலங்களை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் செய்யவோ, 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது. மீறி விற்றால், பங்குள்ள மற்றவர் வழக்கிட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த நிபந்தனை பொதுவாக இல்லை. அப்படியானால் நமக்குக் கட்டுப்பாடே இல்லையா? உண்டு. நிர்வாகி 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டிற்குள் வரவுசெலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் ஒப்புவிக்க வேண்டும். அந்தச் சொத்தை அவரே நேராகவோ மறைமுகமாகவோ வாங்கிக்கொண்டால், மற்றப் பங்காளிகள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அவர் உக்கிராணக்காரரே அன்றி உரிமையாளர் அல்ல.

சிறுபிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்றம் நியமித்த கார்டியன் எந்த மதத்தினரானாலும் முன் அனுமதியின்றிப் பிள்ளையின் நிலத்தை விற்க முடியாது. அவசியமோ, பிள்ளைக்குத் தெளிவான நன்மையோ இருந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். ஏலத்தில் விற்கவும், பணத்தை நீதிமன்றத்தில் கட்டவும் நீதிபதி நிபந்தனை போடலாம்.

பெண்பிள்ளைகளின் பங்கையும் மறக்கக்கூடாது. நம் பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த ஊர். அங்கே 1916-ஆம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் குறைந்ததையே கொடுத்தது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி உயில் இல்லாத இடத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயிடம் கேட்டதும் இதே நியாயத்தைத்தான் (எண்ணாகமம் 27).

விற்ற பணத்தில் எதை முதலில் கொடுப்பது? நியாயமான அடக்கச் செலவும், மரணப்படுக்கையின் மருத்துவச் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முந்தியவை என்கிறது 320-ஆம் பிரிவு. வேலையாட்களின் கடைசி 3 மாதக் கூலியும் மற்றக் கடன்களுக்கு முன் கொடுக்கப்பட வேண்டும்.

ஆகையால், பிரியமானவர்களே, சுகமாயிருக்கும்போதே உயில் எழுதி, நம்பிக்கையுள்ள ஒருவரை நியமியுங்கள். உயில் இல்லாவிட்டால், எல்லா வாரிசுகளும் மேஜராகி ஒருமனப்பட்டுச் சேர்ந்து கையெழுத்திடுவதே சமாதான வழி. பிள்ளைகள் இருந்தால் வழக்கறிஞரைக் கண்டு நீதிமன்றத்தின் அனுமதி பெறுங்கள்.

குடும்ப நிலத்தை விற்று இந்த ஊழியத்திற்குக் கொடுக்க விரும்புவோருக்கும் இதையே அன்பாய்ச் சொல்லுகிறோம். ஒரு விதவையின் சம்மதமோ ஒரு பிள்ளையின் பங்கோ விடுபட்ட பணம் எங்களுக்குக் காணிக்கையாக வேண்டாம். அவர்கள் பங்கை முதலில் கொடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.