தோலை வீசுவதற்கு முன்

கேள்வி: உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறேன். சப்பாத்து, செருப்புத் தொழில் பழக ஆசை. வீட்டில் விரும்பவில்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், சாய்ந்தமருது

பதில்: தம்பி, உங்கள் ஆசையில் குறை காண ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்து ஊரையே வளர்த்திருக்கின்றன என்று வீட்டில் சொல்லுங்கள்.

தோலைக் காக்கும் முதல் பாடத்தை ஊரிலேயே படிக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா கொடுக்கும்போது எத்தனை தோல் மண்ணுக்குள் போகிறது! உரித்த சில மணி நேரத்தில் தோல் அழுகத் தொடங்கிவிடும். கொழுப்பையும் இறைச்சித் துணுக்கையும் நீக்கி, தோலின் எடையில் ஏறத்தாழ பாதியளவு உப்பை உட்பக்கம் முழுதும் தேய்த்து, நிழலில் விரித்து வையுங்கள். உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் பதனிட்ட பிறகும் மறையாது. விலை விழுவது அங்கேதான். அதனால் உரிப்பவரின் கையையும் கவனியுங்கள்.

பதனிடுதல் வேறு, சப்பாத்துத் தைத்தல் வேறு. முன்னதற்கு இரசாயன அறிவும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் வேண்டும்; வீட்டு முற்றத்தில் செய்யவே கூடாது. நீங்கள் வெட்டுதல், தைத்தல், அடி ஒட்டுதலில் தொடங்குங்கள். எங்கே பழகினாலும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கடையில் வேலை செய்தே பழகியவர்களும் திறனை நிரூபித்து அதைப் பெறலாம். பிற்பாடு மேலே படிக்க, சென்னை கிண்டியில் 1957 முதல் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.