எந்தக் கூட்டத்துக்குப் போவது?

குடி கெடுதல் என்று நம் இளைஞர் வகுப்பில் பேசாத வருடமே கிடையாது. இது இன்று நேற்று வந்த பேச்சும் இல்லை. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஆனால் ஒருவர் நம்மிடம் வந்து, "நான் விடணும் தம்பி, எங்கே போகணும்?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? போன வருடம் என் சித்தப்பா கேட்டார். எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. "நாளையிலிருந்து ஒரு சொட்டுகூட தொடமாட்டேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் அவர் சத்தியம் செய்தபோது வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் மாலை கை நடுங்கியது, சட்டையெல்லாம் வியர்வை. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத உருவமெல்லாம் தெரியும். உயிரே போகலாம். இது மனவுறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. அதனால் கூட்டம் தேடுவதற்கு முன்னால் டாக்டர். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான்.

அடுத்துதான் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சனும், பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் இரண்டு பேருமே குடிநோயாளிகள். ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். விஷயம் அவ்வளவுதான். குடியை விடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், கட்டணம் இல்லை. உறுப்பினர்கள் முடிந்ததைப் போட ஒரு பை சுற்றி வரும். இது வேலை செய்யுமா என்று நானும் சந்தேகப்பட்டேன். 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கோக்ரேன் மதிப்பாய்வு 2020-இல் வந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.யில் சேர வழிகாட்டும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்பது அதன் முடிவு.

நாங்கள் போன முதல் கூட்டம் ஒரு சர்ச் மண்டபத்தில், முழுக்க இங்கிலீஷில். அது 'மூடிய' கூட்டம், குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். குடும்பத்தாரும் மற்றவர்களும் உட்காரக்கூடியது 'திறந்த' கூட்டம். இந்த வித்தியாசம் தெரியாமல் நானும் உள்ளே நுழையப் பார்த்து அசடு வழிந்தேன். வெளியே வந்த சித்தப்பா, "நல்லவங்கதான்டா. ஆனா எனக்கு இங்கிலீஷ்ல அழத் தெரியாது" என்றார். பாட்டிக்கு வேறு கவலை: "சர்ச்சுல நடக்குதே, மாத்திடுவாங்களா?" மண்டபம் வாடகைக்கு எடுப்பதுதான். கடவுளைப் பற்றிப் பேச்சு வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். சித்தப்பாவுக்கு அது முருகன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சில இடங்களில் கடைசியில் கிறிஸ்தவ ஜெபம் சொல்வதும் உண்டு; சும்மா நின்றால் போதும். கடவுள் பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி இருக்கிறது, இணையத்திலும் நடக்கிறது.

இரண்டாவது கூட்டம் தமிழ்நாட்டுக் குழு, ஜூமில். மொழி சரி, நேரம்தான் ஒத்துவரவில்லை. அங்கே ராத்திரி எட்டு என்றால் நமக்குப் பத்தரை. அவருக்கு ஆபத்தான நேரம் வேலை முடிந்த ஆறரை மணி. அப்போது வழியில் கடை இருக்கிறது, கூட்டம் இல்லை. இதை நான்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். கூட்டத்தின் பெயரைவிட அதன் மணியும் இடமும் முக்கியம்.

மூன்றாவது இடத்தில் ஏழு பேர்தான். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினார்கள், கோப்பி கலக்கிக் கொடுத்தார்கள். லோரி ஓட்டும் ஒரு அண்ணன் தன் கதையைச் சொன்னபோது சித்தப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்கவேண்டும். அந்த அண்ணன்தான் இப்போது அவருக்கு ஸ்பான்சர், அதாவது முன்னமே குடியை விட்டு, ராத்திரி போன் அடித்தாலும் எடுக்கிற ஆள்.

முதல் கூட்டத்தோடு விட்டிருந்தால், "போய்ப் பார்த்தோம், சரிப்படலை" என்று எங்கள் வீட்டில் கதை முடிந்திருக்கும். ஒரு ஐந்தாறு கூட்டமாவது பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிற ஆளோ, கடன் கேட்கிற ஆளோ இருந்தால் தயங்காமல் வேறு குழு தேடலாம்.

சித்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். "அவர் குடிக்கலைன்னா போதும், எனக்கு எதுக்குக் கூட்டம்?" என்றார். மூன்றாம் படிவம் படிக்கிற தங்கச்சி இன்னமும் அப்பாவின் மோட்டார் பெட்டியைத் தினமும் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951-இல் உருவானது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். சித்தி இரண்டு தடவை போயிருக்கிறார். தங்கச்சி இன்னும் மாட்டேன் என்கிறாள், நாங்களும் அவளை வற்புறுத்தவில்லை.

தீபாவளிக்குச் சித்தப்பா ஒருமுறை சறுக்கினார். மறுநாளே, யாரும் சொல்லாமல், அந்த ஏழு பேர் கூட்டத்துக்குப் போனார். நான் மோட்டாரில் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் தாமானிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து வாருங்கள். என்ன கிழமை, எத்தனை மணி, என்ன மொழி, திறந்ததா மூடியதா, பஸ் இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் போட்டு மன்றத்தில் வைப்போம். யார் எடுத்தார்கள் என்று கேட்கமாட்டோம்.